படம் சரியா, சத்தம் சரியா

டிவி மெக்கானிக் தம்பிகளே, போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். "அங்கிள், பேனல் போச்சுன்னா யோசிக்கவே வேணாம். புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்" என்று பெருமையாகச் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். யார் என்று சொல்லமாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும். அவர் போனபிறகு எனக்கு ஒரே எரிச்சல். அவர்மேல் இல்லை. பேனல் என்ற இடத்தில் பிக்சர் டியூப் என்று வைத்துக்கொண்டு இதே வார்த்தையை இதே பூனாவில் பதினைந்து வருடம் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

உங்களுக்கு சர்க்யூட் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை. இப்போதைய செட்டைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றே எனக்குப் பாதி புரிவதில்லை. ஆனால் ஒரு பழைய டிவி தேறுமா தேறாதா என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்வது இருக்கிறதே, அந்த வேலை இன்னும் மாறவில்லை. அதில் நான் மூக்கறுபட்ட கதையைச் சொல்கிறேன். என் மூக்கைக் காப்பாற்றிய ஒரு பெண்மணியைப் பற்றியும் சொல்லவேண்டும். உண்மையில் அவருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது கட்கியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் வேலை எனக்கு. கூட இருந்தவர்கள் என்னை "ஜட்ஜ் சாப்" என்பார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள், எனக்கு அது பட்டமாகவே ஏறிவிட்டது. பின்மூடியைத் திறக்குமுன் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். போபோடியில் ரயில் லைன் ஓரத்து வீடா, ரயில் அதிர்வில் எங்காவது பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கும், ஆகும். சாங்வியில் ஆற்றோரமா, மழைக்காலத்து ஈரம் ஏறிப் பச்சை பூத்திருக்கும், துடைத்தால் ஆகும். டியூப் போய்விட்டதா, ஆகாது. டியூப் மாற்றும் செலவுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புது செட்டே வந்துவிடும். அதனால் டியூப் போனால் டிவி கண்டம், அதற்கு அப்பீல் கிடையாது. 'கண்டம்' என்பது எங்கள் அப்பா வேலை பார்த்த ஆயுதத் தொழிற்சாலைப் பேச்சு. லாரியோ மெஷினோ இனி உதவாது என்று எழுதித் தள்ளிவிட்டால் கண்டம் பண்ணியாச்சு என்பார்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கவேண்டும். அதில் இரண்டே கட்டம். வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர் வாயால் பதில் வாங்கி, டிக் போடவேண்டும். "படம் சரியா? சத்தம் சரியா?" ஒரு நாளைக்கு எட்டு வீடு என்றால் எட்டு முறை கேட்பேன். கோயிலில் அர்ச்சகர் மந்திரம் சொல்வதுபோல வாய் அதுபாட்டுக்குச் சொல்லும்.

அந்த வருடம் எங்கள் சென்டரின் ரிப்பேர் பெஞ்சுக்கு ஒரு பெண்மணி வேலைக்கு வந்தார். கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். ஒரு டிவி ஃபேக்டரி லைனில் பன்னிரண்டு வருடம் போர்டு பற்றவைத்தவர். ஃபேக்டரியை மூடியதும் எங்களிடம் வந்தார். ஆறு மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பொம்பளை என்ன ரிப்பேர் பண்ணிக் கிழிக்கப்போகிறாள் என்று எங்களுக்கு இளக்காரம். "மேடம், மேடம்" என்று இழுத்துக் கூப்பிடுவோம். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் கண்டம் என்று எழுதிக் கொண்டுவரும் ஒவ்வொரு செட்டுக்கும், "யார் வீட்டு செட்டு? யார் பாக்குறாங்க?" என்று கேட்பார்.

"எதுக்கு மேடம், ஜாதகம் பாக்கப்போறீங்களா?" என்பேன்.

"அரே, சும்மா கேக்குறேன் ஜட்ஜ் சாப். பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அவ்ளோதான்."

எனக்குப் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் கோபம் வரும்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போபோடியில் நம் தமிழ்க்காரர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் ஒரு சந்தில், ஒற்றை அறை வீடு. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். கணவருக்கு ஐம்பது ஐம்பத்திரண்டு இருக்கும், சர்க்கரை வியாதியால் தொழிற்சாலை வேலையை விட்டவர். மனைவி ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பதினைந்து வருடத்துப் பழைய கலர் செட்டு, ரிமோட் கிடையாது, முன்னால் வரிசையாக எட்டு பட்டன். போட்டேன். சத்தம் கணீரென்று வந்தது. திரை இருட்டு. பின்னால் டியூபின் கழுத்தில் எட்டிப் பார்த்தேன், ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்குச் சுத்தமாகப் பார்வை கிடையாது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் முகத்துக்கு நேரே முகத்தைத் திருப்பிப் பேசினார், சாதாரணக் கண்ணாடிதான் போட்டிருந்தார். டிவியைப் பார்த்த அளவுக்கு நான் அவரைப் பார்க்கவில்லை.

"டியூப் போச்சு அண்ணி. கண்டம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது, குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கோங்க" என்றேன்.

அந்த அம்மாவுக்கும் சந்தோஷம்தான். வேலை முடிந்து வந்தால் சாயங்காலம் ஒரு படம் பார்க்க வழியில்லாமல் மாதக்கணக்கில் மங்கலான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் கணவர் மட்டும் கேட்டார்.

"சத்தம் நல்லாத்தானே வருது தம்பி?"

"சத்தத்துக்கு ஒரு ரேடியோ வாங்கிக்கோங்க அண்ணே!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

புது செட்டை இறக்கிவிட்டுப் பழையதை டெம்போவில் ஏற்றி வந்தேன். எக்ஸ்சேஞ்சில் வரும் செட்டு வெளியே விற்பனைக்குப் போகக்கூடாது என்பது கம்பெனி நியமம். அதனால் வந்தவுடன் மின் வயரை வெட்டி, பெட்டியின்மேல் சிவப்புப் பெயின்ட்டில் குறுக்குக்கோடு போட்டு, டியூபின் கழுத்து நுனியைக் கட்டிங் பிளேயரால் ஒடித்துவிடவேண்டும். உள்ளே காற்று 'புஸ்' என்று ஏறும், அதோடு அந்த டியூப் செத்தது. அந்த செட்டுக்கும் என் கையாலேயே இதையெல்லாம் செய்தேன். கிடங்கில் அது மாதிரி நாற்பது ஐம்பது கிடக்கும். காயலான் கடை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

எட்டு நாள் கழித்து அதே வீட்டிலிருந்து புகார். புது செட்டின் ரிமோட் வேலை செய்யவில்லையாம். மத்தியானம் மூன்றரை மணிக்குப் போனேன். அவர் மட்டும் இருந்தார். டிவி சத்தமில்லாமல் நீலமாக நின்றுகொண்டிருந்தது. அவர் கையில் ரிமோட். அதில் ஒரு பட்டன்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

வெடுக்கென்று ரிமோட்டை வாங்கி அமுக்கினேன். தமிழ் சேனல் வந்தது. "நல்லாத்தானே வேலை செய்யுது? இதோ பாருங்க அண்ணே, நீலமா வந்தா இந்தப் பச்சை பட்டனை..."

"பச்சை எங்க இருக்கு தம்பி? மேலயா, கீழயா?"

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். ரிமோட்டைத் திரும்ப அவர் கையிலேயே வைத்தேன்.

அவருக்கு என்மேல் கோபமே இல்லை. நிதானமாக விளக்கினார். பொட்டு ஒட்டியது மனைவி. அவர் காலையில் வேலைக்குப் போகுமுன் தமிழ் சேனலை வைத்துவிட்டுப் போவார். பொட்டை அமுக்கினால் அந்த சேனல் வரும். ஆனால் தினமும் மத்தியானம் கரண்ட் போகும். திரும்ப வரும்போது புது டிவி தூங்கும், இல்லாவிட்டால் வேறு எங்காவது போய் நிற்கும். அப்போது பொட்டை அமுக்கினாலும் சேனல் வராது, எங்கே நிற்கிறது என்று திரையில்தான் எழுதிக் காட்டும். "அத நான் எங்க போயி படிக்கிறது? பழசுல மூணாவது பட்டனை அமுக்கினா அமுக்கினதுதான். கரண்டு போனாலும் வந்தாலும் அதே எடத்துல வந்து பேசும்" என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"இன்னாத்த சொல்றது? கண்ணு தெரியாதவன் வீட்டுல டிவி எதுக்குன்னு கேக்காத ஆளு கெடையாது தம்பி. நீயும் கேட்டுட்டீன்னா?"

அந்த நேரத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண், டிபன் தூக்கோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இன்னிக்காச்சும் உண்டா?"

"இல்லம்மா. இன்னிக்கும் போச்சு."

"அட போங்கண்ணே" என்றவள் என்னைப் பார்த்தாள். சட்டையில் கம்பெனிப் பெயர் இருந்ததால் நான்தான் மெக்கானிக் என்று கண்டுபிடித்துவிட்டாள். பிடித்துக்கொண்டாள் பாருங்கள்! அந்தச் சந்தில் பாதிப் பெண்கள் பகல் ஷிப்டுக்குப் போகிறவர்கள். மத்தியான சீரியல் எதையும் பார்க்க முடியாது. இவர் இரண்டு மணியிலிருந்து உட்கார்ந்து ஒரு வசனம் விடாமல் கேட்பார். சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும்வரை அவர்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு இவர் வீட்டில் வந்து உட்காருவார்கள், இவர் கதை சொல்வார். மாமியார் குரலில் மாமியார், மருமகள் குரலில் மருமகள். யார் எந்த வாசலில் வந்து நின்றாள், முகம் எப்படிச் சுண்டிப்போயிற்று, என்ன புடவை கட்டியிருந்தாள், எல்லாம் சொல்வார்.

"புடவையா?" என்றேன்.

"ஆமா சார். ஒருநாள் லீவு போட்டு எங்க நாத்தனார் வீட்டுல நானே பாத்தேன். அண்ணன் அரக்குக் கலர்னு சொன்னாரு, அவ இன்னாவோ ஒரு வெளுத்த மஞ்சளக் கட்டிக்கினு நிக்கிறா. நல்லாவே இல்ல. அரக்குதான் சார் அவளுக்கு எடுக்கும்!"

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவள் போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எட்டு நாளா இந்த வீட்டுல யாரும் வந்து உக்காரல தம்பி. அவங்களத் தப்பு சொல்லக்கூடாது. கதை இல்லாம எதுக்கு வருவாங்க?" என்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு சென்டருக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. கண்ணிருந்தும் குருடன் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு அந்த வீட்டில் பார்வை இல்லாமல் நின்றவன் நான்தான். நேராகப் பெஞ்சுக்குப் போய் மேடத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், ரேடியோ என்று சொன்னதையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "செட்டு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கிடங்குல. நாளைக்குக் காலையில லாரி. ஆனா மேடம், டியூப் கழுத்த நானே ஒடிச்சுட்டேன்."

"கழுத்துதானே போச்சு? வாய் இருக்குல்ல?"

இரண்டு பேரும் கிடங்கில் தேடினோம். அடியில் மூன்றாவது வரிசையில் கிடந்தது. பெஞ்சில் வைத்து, செத்த டியூபை முழுதாகக் கழற்றி வெளியே எடுத்தார். டியூபுக்குப் போகும் உயர் மின்சாரத்தை அவர் எப்படி அடக்கி ஆபத்தில்லாமல் கட்டினார் என்பதை நீங்கள் யாரும் வீட்டில் முயற்சி செய்யாமல் இருப்பதற்காக இங்கே எழுதவில்லை. அந்தக் கையின் நிதானம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. பன்னிரண்டு வருடம் பற்றவைத்த கை. டியூப் இருந்த ஓட்டையைப் பிளைவுட் அட்டை வைத்து மூடினார். புது வயர் போட்டு மூன்றாவது பட்டனை அமுக்கினோம். குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனி ஆடிட் என்றால் நடுங்குவார். சிவப்புக் கோடு போட்ட பெட்டி பெஞ்சில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. "கண்டம் ஆன சரக்கு எப்படி வெளியே போகும்? ஏஜென்சியே போய்விடும்! யார் இதைத் திறக்கச் சொன்னது?" என்று இந்தியில் கத்தினார்.

பதினைந்து வருட சர்வீஸ்காரன் நான். தப்பும் என்னுடையது. நான்தான் வாயைத் திறந்திருக்கவேண்டும். வாய் வரவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

மேடம் எழுந்து நின்றார். ஆறு மாதத்தில் மூன்று மாதம்தான் முடிந்திருந்தது. அந்த வயதில் இன்னொரு வேலை அவருக்குச் சுலபமாகக் கிடைக்காது. "நான்தான் திறந்தேன் சேட்" என்றார். "உங்கள் நியமம் எதற்கு? பழைய செட்டை டிவி என்று சொல்லி யாரும் விற்கக்கூடாது, அதற்குத்தானே? டியூப் இதோ இருக்கிறது, காலையில் லாரியில் ஏற்றுங்கள். டியூப் இல்லாததை எவன் டிவி என்று விற்பான்? ஒருவருக்குக் காது கேட்க ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆடிட்டில் கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்."

செட்டோடு ஒட்டும் புது ஜாப் கார்டு ஒன்றை எடுத்தார். அதில் 'ரிப்பேர் ஆகும்', 'கண்டம்' என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, கீழே தன் கையால் 'கேட்பதற்கு நன்றாக இருக்கிறது' என்று இந்தியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி கார்டையும் பார்த்தார், அட்டை அடித்த பெட்டியையும் பார்த்தார். "யே மேடம் மேரா தந்தா பந்த் கராயேகி" என்று முனகினார், இந்த மேடம் என் தொழிலையே மூடவைத்துவிடுவார் என்று. ஆனால் கார்டைக் கிழிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் தைரியம் வந்து மேடத்தின் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். மூன்று மாதம் கழித்து அவரை நிரந்தரமாக்கினார்கள். நான் ரிட்டயர் ஆகும்போது அவர்தான் பெஞ்சுக்குத் தலைமை. அதற்குள் 'மேடம்' என்று இழுத்துச் சொல்லும் பழக்கம் எங்கள் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. அவருக்கு எந்த ஐசி எங்கே இருக்கிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரியும், ஆனால் அதற்காக நான் அவரைக் கும்பிடவில்லை. தேறுமா தேறாதா என்பதை டிவியிடம் கேட்காமல், அதன் எதிரே உட்காருகிறவரிடம் கேட்டார். அதற்காகத்தான். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் நானும் கேட்டேன், "இதை யார் பாக்குறாங்க?" என்று. நீங்களும் கேளுங்கள். பேனலாவது மண்ணாங்கட்டியாவது!

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆட்டோவில் அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போபோடிக்குப் போனேன். புது டிவி மனைவிக்கு அங்கேயே இருக்கட்டும் என்று, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இதை வைத்தேன். கேபிள் வயரை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தேன். அவர் எழுந்து வந்து பட்டன்களை விரலால் எண்ணினார். பிறகு கை முன்பக்கம் போயிற்று. பிளைவுட்டைத் தடவினார். தட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, கட்டையா கீது?"

"டியூப எடுத்துட்டோம் அண்ணே. இதுல இனிமே படம் வராது. சத்தம் மட்டும்தான்." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு நான் பேசினது தப்புண்ணே. மன்னிச்சுக்கோங்க."

"அட, விடு! நீ சொன்ன ரேடியோதானே, கொண்டாந்துட்டியே!" என்று என் தோளில் அடித்துச் சிரித்தார். மூன்றாவது பட்டனை அமுக்கினார். டொக் என்ற சத்தத்தோடு அது இறங்கியது. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டிக்கு நேராக, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

நான் சீட்டை எடுத்தேன். "சத்தம் சரியா அண்ணே?"

"சரியா இருக்கு."

டிக் போட்டுவிட்டு, கையெழுத்து வைக்க அவர் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். அவர் விரலை இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு கேப்பாங்களே. புது டிவி எறக்கறப்போ நீ கேட்டியே எங்க வீட்டுக்காரிகிட்ட. அத ஏன் உட்டுட்ட?"

பெட்டிக்குள் சீரியலின் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் முகத்தை அந்தப் பிளைவுட் அட்டைக்கு நேராகத் திருப்பிக்கொண்டார்.

"கேளு தம்பி."

"படம்... படம் சரியா அண்ணே?"

"ஷ்... அரக்குப் புடவதான் கட்டியிருக்கா. நல்லா தெரியுதுன்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.